அத்தானின் புள்ளடி

போன வருடம் மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையின் பின் குசினியில், கைபேசியைப் பருப்பு வாளியில் சாய்த்து வைத்துக்கொண்டு ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் அப்போது மதியம் கடந்திருந்தது. அங்கே ஒரு சின்ன ஊரில், பட்மின்ரன் விளையாடும் மண்டபத்தில் மேசைகளைப் போட்டு, மாவட்ட சபைத் தேர்தலின் வாக்குகளை எண்ணினார்கள். அந்த ஊரின் ஒரு வட்டாரத்துக்கு என் அக்கா சுயேச்சையாக நின்றிருந்தார்.

கடைக்கார அண்ணைக்கு விசயம் தெரியும். ஒரு மாதமாக என்னைப் பகிடி பண்ணிக்கொண்டே இருந்தார்.

"கொக்கா எலெக்சனிலை வெண்டால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்டும் கிடையாது அண்ணை. அது குப்பை எடுக்கிற சபை."

"குப்பை எடுக்க எலெக்சனோ? இஞ்சை லொறி தானா வருது."

"தானா வரேல்லை. இஞ்சையும் ஆரோ வோட்டுப் போட்டுத்தான் வருது. நீங்கள் போடுறேல்லை, அவ்வளவுதான்."

"ஓ, துரை போட்டனீங்களோ?"

நான் எண்ணெயைப் பார்த்தேன். கனடாவுக்கு வந்து பதினாறு வருடம். இன்னும் இந்த நாட்டுப் பிரஜையாகவில்லை, ஆகவே வோட்டும் இல்லை. படிவத்தை இரண்டு தரம் எடுத்து வந்தேன். இரண்டு தரமும் மேசையில் கிடந்து கறிக்கறை பிடித்துப் போயிற்று. படிவங்கள் எனக்கு ஒத்துவருவதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஊரை விட்டு வெளிக்கிட்டபோது பத்தொன்பது வயது. ஜேர்மனியில் ஒரு முகாம், பிரான்சில் இரண்டு வருடம் பாத்திரம் கழுவினது, பிறகு இங்கிலாந்து, பிறகு கனடா. ரொறன்ரோவுக்குள்ளேயே ரெக்ஸ்டேலில் ஒரு அறை, இன்னும் மூன்று நான்கு அறைகள், இப்போது மோர்னிங்சைட்டில் ஒரு பேஸ்மென்ற். ஒரு இடத்தில் கொஞ்சக் காலம் இருந்தால் சுவர்கள் எனக்குப் பழகிவிடும். பழகினால் போக வேண்டும்போல் இருக்கும். கல்யாணம் கட்டவில்லை. கட்டியிருந்தால் அந்தப் பெண் பாவம்.

அக்காவும் அத்தானும் எனக்கு நேர் மாறு. அந்த ஆங்கில ஊருக்குப் போனவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள். அத்தான் கோழி வெட்டும் ஆலையில் வேலை செய்தார். அக்கா வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலை. பிள்ளைகள் இல்லை. நான் அவர்களோடு அந்த வீட்டில் சில வருடம் இருந்தேன்.

இங்கிலாந்துக்கு முதலில் போனது நான். ஒரு வருடம் கழித்து அத்தான் வந்தார். அக்கா அப்போது இன்னும் ஊரில் இருந்தார். அத்தானை விமான நிலையத்தில் மறித்து வைத்திருந்தார்கள். ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டபடி கடவுச்சீட்டைக் கிழித்து விமானத்தின் கழிப்பறையில் போட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் இருந்து ஒரு பெண் எனக்குத் தொலைபேசி எடுத்து, அத்தானோடு பேச இன்னும் விடவில்லை, படிவம் நிரப்ப விவரம் உடனே வேண்டும் என்றாள். பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். பிறந்த திகதி கேட்டாள்.

அக்காவின் புருசன் பிறந்த திகதி எனக்கு எங்கே தெரியும்? அக்காவைவிட ஐந்து வயது மூப்பு என்று தெரியும், அதை வைத்து வருடத்தைச் சொன்னேன். மாதமும் நாளும் வேண்டும் என்றாள். தெரியாது என்றால், நான் அவருக்குச் சொந்தமே இல்லை என்று நினைத்துவிடுவார்கள் எனப் பயந்தேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது என்னுடைய பிறந்தநாள்தான். ஒக்ரோபர் மாதத்து ஒரு நாள். அதையே சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

பிறகு மாற்றப் பார்த்தோம். இப்போது மாற்றினால் முழுக் கதையும் பொய் என்பார்கள், விட்டுவிடுங்கள் என்றார் வழக்கறிஞர். அத்தான் என் திகதியைப் பாடமாக்கிக்கொண்டார். அகதி அட்டையில் அது, வேலைப் பத்திரத்தில் அது, ஆஸ்பத்திரியில் அது, கடைசியில் பிரித்தானியக் கடவுச்சீட்டிலும் அது. நான் எந்த நாட்டில் இருந்தாலும் என் பிறந்தநாளுக்கு அவருடைய தொலைபேசி வரும்.

"எடேய், இண்டைக்கு எங்கடை பிறந்தநாள். கேக்கை நீ வெட்டு. வயசை நான் பாக்கிறன்."

உண்மையில் அவர் பிறந்தது ஆனி மாதம். அன்றைக்கு அக்கா கொஞ்சம் பாயாசம் காய்ச்சுவார். வேறு ஒன்றும் இல்லை.

வோட்டு என்றால் அத்தானுக்குப் பெரிய காரியம். ஊரில் அவருக்கு வோட்டுப் போடும் வயது வந்த காலத்தில் எங்கள் பக்கத்துக்குத் தேர்தல் வரவில்லை, ஆமிதான் வந்தது. இங்கிலாந்தில், கொமன்வெல்த் நாடு என்பதால் எங்கள் நாட்டுக்காரருக்குப் பிரஜாவுரிமை கிடைக்க முன்னரே வோட்டு உண்டு என்று அறிந்த நாளில் இருந்து, எந்தத் தேர்தலையும் அவர் தவறவிட்டதில்லை. நல்ல சேட் ஒன்றை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போவார். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். நான் வாசலில் நின்று சிகரெட் பிடித்தேன்.

"உள்ளை வாவன்ரா. புள்ளடி போடுற பென்சிலை நூலிலை கட்டி வைச்சிருக்கிறாங்கள். அதைப் பாக்கவாவது வா."

நான் போகவில்லை.

அவருக்குப் பாரிசவாதம் வந்தது தேர்தலுக்கு இரண்டு வருடம் முந்தி. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. பிறகு தமிழ் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது, இங்கிலீசு வரவில்லை. ஆஸ்பத்திரியில் தாதி தினமும் பெயரும் பிறந்தநாளும் கேட்பாள். இவர் ஆனி மாதத்துத் திகதியை விரலால் காட்டுவார். அவள் அவருடைய கையில் கட்டியிருந்த பட்டியைப் பார்த்துவிட்டுப் பிழை என்று குறித்துக்கொள்வாள். அக்கா போய்த்தான் அது பிழையில்லை என்று விளங்கப்படுத்தினார். அன்றைக்கு எனக்குத் தொலைபேசி எடுத்து அழுதார், சந்தோசத்தில்.

"தம்பி, பாஸ்போட்டிலை இருக்கிற திகதி துப்புரவாப் போட்டுது. மாமி பெத்த திகதி மட்டும் நிக்குது. பார், எல்லாம் அழிஞ்சும் அது அழியேல்லை."

எனக்கும் சந்தோசம். எப்போதோ செய்த ஒரு பிழை தானாகச் சரியாகிவிட்டதுபோல் இருந்தது. அந்த ஒக்ரோபரில் அத்தானிடமிருந்து தொலைபேசி வரவில்லை. அதற்கு அடுத்த ஒக்ரோபரிலும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அத்தான் போன ஒரே இடம், சபைக்குச் சொந்தமான ஒரு பழைய மண்டபம். செவ்வாயும் வியாழனும் அங்கே வயதானவர்களுக்கு மதியச் சாப்பாடு. முதல் மாதம் சும்மா இருந்தாராம். இரண்டாம் மாதம் யாரோ அவர் முன்னால் கரண்டிப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். இடது கையால் ஒவ்வொரு மேசைக்கும் கத்தி, முள்ளுக்கரண்டி அடுக்கினார். அதன் பிறகு அது அவருடைய வேலை ஆகிவிட்டது. வேறு யாராவது அடுக்கினால் கோபம் வருமாம். அந்த இரண்டு நாளும் அக்கா முழுநாள் வேலைக்குப் போனார்.

சபை அந்த மண்டபத்தை விற்கப் போகிறது என்று செய்தி வந்தது. சபையில் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாம். அந்த வட்டாரத்து உறுப்பினர் விற்கும் பக்கம். அவர் தோற்றால் விற்பனை நின்றுவிடும் என்று சாப்பாட்டுக்கு வரும் கிழவர்கள் கணக்குப் பார்த்தார்கள். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் ஏறி இறங்கி வோட்டுக் கேட்கக் கால் இல்லை. அக்கா நின்றார். அவரை முன்மொழிந்த இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள்.

"எனக்கு ஒரு அரசியலும் தெரியாது தம்பி. மண்டபம் போனால் நான் வேலையை விடவேணும், இல்லாட்டி இவரை ஹோமிலை விடவேணும். வேலையை விட்டால் வீடு போயிடும். அதுதான் நிக்கிறன்."

என்னால் முடிந்ததை நான் இங்கிருந்து செய்தேன். அந்த வட்டாரத்தில் ஏழு தமிழ் வீடுகள் இருந்தன. ஏழு வீட்டுக்கும் ரொறன்ரோவில் சொந்தக்காரர் இருந்தார்கள். மாமியைப் பிடித்து மருமகனுக்கு எடுக்கவைத்தேன், சித்தப்பாவைப் பிடித்து பெறாமகளுக்கு எடுக்கவைத்தேன். இங்கிலாந்துத் தேர்தலுக்கு கனடாவின் ஸ்காபரோவில் பிரசாரம். கடைக்கார அண்ணைகூட, பகிடி பண்ணிக்கொண்டே, தன் ஒன்றுவிட்ட தம்பி ஒருவனை அழைத்தார்.

"எடேய், கனடாவிலை இருந்து ஆள் அனுப்புவன், ஒழுங்கா வோட்டைப் போடு."

அத்தானுக்குப் படி ஏறுவது கஷ்டம் என்பதால் தபால் வாக்குக் கேட்டு அக்கா விண்ணப்பித்திருந்தார். கடவுச்சீட்டைப் பார்த்து விவரம் நிரப்பினார். அத்தான் இடது கையால் கையெழுத்து வைத்தார். வாக்குச்சீட்டு தபாலில் வந்ததும் அக்கா அதைத் தொடவில்லை. எதிர்ப்பக்கத்தார் எதையும் சொல்லக்கூடும் என்ற பயம். கையெழுத்து எங்கே, பிறந்த திகதி எங்கே, எதை எந்த உறையில் வைப்பது என்று தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் வளவில் போய் நின்றுகொண்டார். அத்தான் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தாராம். பிறகு சக்கர நாற்காலியில் சிவப்புத் தபால்பெட்டி வரை போய்த் தன் கையாலேயே போட்டார். அதற்காக அன்றைக்கு இஸ்திரி போட்ட சேட் கேட்டாராம்.

"ஆருக்குப் போட்டனீங்கள்?" என்று திரும்பி வரும் வழியில் அக்கா கேட்டிருக்கிறார்.

"ர... ரகசியம்" என்றாராம் அத்தான். இரண்டு வருடத்தில் அவர் சொன்ன மிக நீண்ட சொல் அதுதான் என்று அக்கா சிரித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை கைபேசி அடித்தபோது எண்ணெய்ச் சட்டியில் இருபது ரோல்ஸ் கிடந்தன. அக்கா வாக்கு எண்ணும் மண்டபத்துக்கு வெளியே நின்று பேசினார். காற்றுச் சத்தம்.

"சமன் தம்பி."

"என்ன சமன்?"

"ரெண்டு பேருக்கும் ஒரேயளவு வோட்டு. திருப்பி எண்ணினவை. பேந்தும் எண்ணினவை. சமன்."

"அப்ப என்ன செய்யிறது?"

"செய்து முடிஞ்சுது. ரெண்டு பேரையும் கிட்டக் கூப்பிட்டு, ரெண்டு பேப்பரிலை பேரை எழுதி, ஒரே மாதிரி உறையிலை வைச்சு, வெறும் பெட்டிக்குள்ளை போட்டுக் குலுக்கினார் அந்த அதிகாரி. பிறகு வேறை பக்கம் பாத்துக்கொண்டு கையை விட்டார்."

"அக்கா..."

"மற்ற ஆளின்ரை பேர். அவர் எனக்குக் கை தந்தவர்."

ரோல்ஸ் கருகும் மணம் வந்து கடைக்கார அண்ணை உள்ளே ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டியை இறக்கினார். நான் சொன்னதும், "திருவுளச்சீட்டோ? வெள்ளைக்காரனோ?" என்றார். பிறகு, "சீ" என்றார். அன்று முழுக்க அவர் என்னைப் பகிடி பண்ணவில்லை.

அத்தானுக்கு எப்படிச் சொல்வது என்று அக்கா பயந்துகொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறார். ஆனால் அத்தான் சிரித்தாராம். சமன் என்ற சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லி, இடது கையால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாராம். அவருடைய கணக்கு அக்காவுக்குப் பிறகுதான் விளங்கியது. தான் போடாவிட்டால் அக்கா ஒரு வாக்கால் தோற்றிருப்பார், தன் புள்ளடியால்தான் சமன் வந்தது என்கிறார். சாப்பாட்டு மண்டபத்துக்குப் போய் எல்லா மேசைக்கும் அதையே சொன்னார். தமிழ் தெரியாத கிழவர்கள் தலையாட்டினார்கள்.

"சமன். நான்."

யூலை மாதம் அக்கா மறுபடி அழைத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். பக்கத்து அறையில் அத்தான் ரிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சபையிலை இருந்து இவருக்கு ஒரு கடிதம் வந்திருக்குது தம்பி. தபால் வாக்கிலை எழுதின பிறந்த திகதி, விண்ணப்பத்திலை இருக்கிறதோடை ஒத்துவரேல்லையாம். அதாலை வோட்டை எண்ணேல்லையாம். உள் உறையைத் திறக்கவே இல்லையாம். அடுத்த முறை கவனமா எழுதட்டாம்."

எனக்கு உடனே விளங்கியது. இருந்தும் கேட்டேன்.

"அவர் என்ன எழுதினவர்?"

"என்ன எழுதுவார்? ஆனி மாதத்தைத்தான்."

மோர்னிங்சைட் பேஸ்மென்றில் என் கட்டிலில் இருந்தேன். மேல்வீட்டில் யாரோ கதிரையை இழுத்தார்கள். அந்த வழக்கறிஞர் அலுவலகத்துப் பெண்ணின் குரல் இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு நினைவிருந்தது. நாள் என்ன, மாதம் என்ன என்று அவசரப்படுத்திய குரல்.

"என்ரை பிழை அக்கா. நான் சொன்ன திகதி."

"விசர்க்கதை கதையாதை. நீ அண்டைக்குச் சொல்லாட்டி அவரைத் திருப்பி அனுப்பியிருப்பாங்கள். நான்தான் ஒரு சொல்லுச் சொல்லியிருக்க வேணும், பாஸ்போட்டிலை இருக்கிறதை எழுதுங்கோ எண்டு. வாய்க்குள்ளை இருந்த சொல்லு. நான் பெரிய நேர்மைக்காரி மாதிரி வளவிலை போய் நிண்டனான்."

"ஒண்டும் செய்ய ஏலாதோ?"

"வழக்குப் போடலாமாம். என்னெண்டு போடுறது? அவையிலை பிழை இல்லையே. கடிதத்திலை இருக்கிறது சரிதானே, திகதி ரெண்டு."

ரிவியில் யாரோ கை தட்டும் சத்தம் கேட்டது.

"தம்பி, எனக்குத்தான் போட்டிருப்பார், என்ன?"

"வேறை ஆருக்கு?"

"அந்த உறையை ஒருத்தரும் திறக்கேல்லை. அதுதான் கேட்டனான். உவர் பகிடிக்காரன்." சிரித்தார். சிரிப்பு முடிய முன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இதை அவருக்குச் சொல்லிப்போடாதை. அந்தச் சமனை வைச்சுக்கொண்டுதான் இருக்கிறார்."

கடிதத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அரிசி வாளிக்குள் வைத்திருப்பதாகச் சொன்னார். அத்தானின் கை போகாத இடம் அது ஒன்றுதானாம்.

அன்றைக்கே அத்தானோடும் பேசவேண்டி வந்தது. அக்கா கைபேசியைக் கொடுத்தார். திரையில் பாதி முகமும் சுவரும் தெரிந்தன. என்னைக் கண்டதும் வாயைக் கோணி, மூச்சை இழுத்து, "சமன்" என்றார்.

"ஓம் அத்தான்" என்றேன். "நீங்கள் போட்டதாலைதான்."

மண்டபத்தைச் செப்டெம்பரில் பூட்டினார்கள். வாங்கினவன் அடுக்குமாடி கட்டப் போகிறானாம். கடைசி வியாழன் அத்தான் கரண்டிகளை அடுக்கிவிட்டு, சாப்பாடு முடிந்ததும் திரும்பப் பெட்டிக்குள் வைக்க மாட்டேன் என்று நின்றாராம். அக்கா செவ்வாய், வியாழன் வேலையை முதலில் பாதியாக்கினார். வீட்டு வாடகைக்கு அது போதவில்லை. மறுபடி முழு நாளும் போகத் தொடங்கிய இரண்டாம் கிழமை, அத்தான் தனியே எழும்பிக் குசினிக்குப் போய் விழுந்து, அக்கா வரும்வரை நிலத்தில் கிடந்தார். அலுமாரியின் கீழ் இழுப்பறை இழுபட்டு, கரண்டிகள் அவரைச் சுற்றிக் கொட்டிக் கிடந்தனவாம். அதற்குப் பிறகு ஹோம்தான். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய வேறு ஊரில் இடம் கிடைத்தது.

என் பிறந்தநாள் ஒக்ரோபரில் வந்தது. அன்றைக்கு எனக்கு வேலை. காலை வியாபாரம் ஓய்ந்த நேரம் கைபேசி அடித்தது. அக்காவின் எண், வீடியோ. ஹோமின் பெரிய அறை. அத்தானின் தலையில் மஞ்சள் கடதாசித் தொப்பி. முன்னால் ஒரு கேக்.

"ஹோமின்ரை கோப்பிலை இண்டைக்குத்தானே பிறந்தநாள்" என்றார் அக்கா, திரைக்கு வெளியே இருந்து. "நான் சொல்லப் போனனான். இஞ்சை வேலை செய்யிற பிள்ளையள் ஆசையாச் செய்திருக்கினம். வாய் வரேல்லை."

சுற்றி நின்ற பெண்கள் பாடினார்கள். அத்தான் கேக்கையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பாட்டு முடிந்ததும் கைபேசிப் பக்கம் திரும்பினார்.

"ஆ... ஆற்றை?"

"என்ரை, அத்தான். இண்டைக்கு என்ரை பிறந்தநாள்."

நீண்ட நேரம் என்னைப் பார்த்தார். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. பிறகு இடது கையை மேசையில் ஊன்றி, கேக் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரைப் பக்கம் தள்ளினார்.

"நீ... வெட்டு."

நான் கடையின் பின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். குப்பை எடுக்கும் லொறி நின்று இரைந்தது. அத்தான் காத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு பெண் கத்தியை எடுத்து வெட்டி, ஒரு துண்டை அவருடைய இடது கைப் பக்கம் வைத்தாள். அவர் அதைத் தொடாமல் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.